கை தவறினால் வாய் முந்தும்

தவறான பேருந்தில் ஏறிவிட்டது புரியும் நொடியில் எழும் 'அடச்சே', 'ஐயையோ' போன்ற ஒலிகளைத் தமிழ் இலக்கண நூல்கள் இடைச்சொற்களோடு சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அவை உள்ளக் கொதிப்பின் கசிவே தவிரப் பிறரை நோக்கிய பேச்சு அல்ல என்ற பொதுவான எண்ணத்தை மறுத்தவர்களுள் முதன்மையானவர், அல்பேர்ட்டா மாகாணத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்து 1945இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்ற சமூகவியலாளர் ஏர்விங் கோஃப்மன்.

அமெரிக்க மொழியியல் கழகத்தின் இதழில் 1978இல் வெளியான கட்டுரையில், 'எதிர்வினைக் கூவல்' என்று பொருள்படும் பெயரை இவ்வொலிகளுக்கு இட்ட அவர், கையிலிருந்து பொருள் நழுவியவுடன் ஆங்கிலம் பேசுவோர் சொல்லும் 'ஊப்ஸ்' என்பதை விரிவாக ஆராய்ந்தார். நழுவியதைத் தாம் கவனித்துவிட்டதாகவும், அது ஒரு கணத் தடுமாற்றமேயன்றித் தம் இயல்பான திறமையின்மை அல்ல என்றும் அருகிலிருப்போருக்கு அறிவிப்பதே அவ்வொலியின் வேலை என்பது அவர் முடிவு. தன்னைத் தானே கடிந்துகொள்வது போன்ற தோற்றத்துக்குள் மானங்காக்கும் ஏற்பாடு ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற இக்கருத்து சற்றுக் கடுமையானதுதான். ஆயினும் ஆளில்லாத அறையிலும் 'அடச்சே' என்போர் உண்டு என்பதால் மட்டும் அது பொய்த்துவிடாது, ஏனெனில் ஊரார் முன் பழகிய நாக்கு தனிமையிலும் அப்பழக்கத்தை எளிதில் விடுவதில்லை.

கூவல் கேட்போருக்கானது என்பதற்குச் சிறந்த சான்று, ஆள் பார்த்து அது மாறுவதாகும். கியூபெக் மாகாணப் பிரெஞ்சுக்காரர், தேவாலயத்தின் திருப்பேழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த 'தபர்னாக்' என்னும் வசையை, மரியாதைக்குரியோர் முன் 'தபர்னூஷ்' என்று மழுக்கிக்கொள்வர். பெருநகரப் பகுதி மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக இருக்கும் ரொறன்ரோவில் இத்தேர்வு மொழிகளுக்கு இடையிலும் நடக்கக்கூடும். அலுவலகத்தில் 'ஊப்ஸ்' என்னும் ஸ்காபரோத் தமிழர், அம்மம்மாவின் முன்னே 'ஐயோ கடவுளே' என்பதில் வியப்பில்லை.

அகராதிகளும் இவ்வொலிகளுக்கு இடம் தந்துவிட்டன. தொலைக்காட்சிக் கேலிச்சித்திர நாயகன் ஹோமர் சிம்ப்சனின் 'டோ', கதைவசனத் தாள்களில் எரிச்சலான உறுமல் என்று மட்டுமே எழுதப்பட்டது. அதை 2001இல் சேர்த்துக்கொண்ட ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் 'ஐயோ'வை 2016இல் ஏற்றது.

கூவலை அடுத்து வழக்கமாக வருவது மன்னிப்பு. ஒன்ராறியோ மாகாணம் 2009இல் இயற்றிய மன்னிப்புச் சட்டத்தின்படி, உரிமையியல் வழக்குகளில் மன்னிப்புக் கேட்டதைக் குற்ற ஒப்புதலுக்குச் சான்றாகக் காட்ட இயலாது. வருத்தத்தைப் புலப்படுத்தும் பிற சொற்களையும் செயல்களையும்கூட அச்சட்டம் மன்னிப்பாகவே கொள்வதால், பிறர் வண்டியில் இடித்தவர் வாயிலிருந்து வரும் 'ஐயையோ' அதனுள் அடங்குமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிட்டுக்கொள்ளலாம்.