பேனாத் துப்பாக்கி, பூட்ஸ் கத்தி: நிஜத்தில் பலிக்குமா?

சௌல்தாரி:
கைத்தடியைத் திருகினால் வாள் வரும். பேனாவை அழுத்தினால் குண்டு பாயும். பூட்சின் முனையிலிருந்து விஷக்கத்தி நீளும். தொப்பியை வீசினால் கற்சிலையின் தலை துண்டாகி விழும்.

இவை எல்லாம் சினிமாவில் பார்த்தவை. 1963-ல் வந்த "ஃப்ரம் ரஷ்யா வித் லவ்" படத்தில் பூட்ஸ் கத்தியைக் காட்டினார்கள். மறு ஆண்டு "கோல்ட்ஃபிங்கர்" படத்தில் தொப்பி வந்தது. தமிழில் ஜெய்சங்கர் துப்பறிந்து துப்பறிந்தே "தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்" என்று பெயர் வாங்கினார்.

தெற்கு அந்தமானில் சௌல்தாரி போன்ற ஊர்களில், வேலை முடிந்து டீக்கடையில் உட்காரும் தமிழர்கள் நடுவே இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி ஏற்பட்டுவிடும். "இதெல்லாம் நடக்கிற காரியம்தான்" என்பது ஒரு கட்சி. "சும்மா, காசு பண்ணுவதற்காகக் கட்டிய கதை" என்பது இன்னொரு கட்சி.

விடை தேடி லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் போகவேண்டாம். சௌல்தாரியில் பஸ் ஏறி போர்ட் பிளேரில் இறங்கினால் போதும். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள அந்த ஊரின் செல்லுலர் ஜெயிலில் அடைபட்டிருந்த ஒருவர், இப்படிப்பட்ட ஆயுதம் ஒன்றைத் தம் கையாலேயே செய்தவர்!

புத்தகத்துக்குள் குண்டு

அவர் பெயர் ஹேமசந்திர கனுங்கோ. வங்காளத்துப் புரட்சிக்காரர். பாரிஸ் நகருக்குப் போய் வெடிகுண்டு செய்யக் கற்றுத் திரும்பியவர்.

அப்போது கல்கத்தாவில் கிங்ஸ்போர்டு என்ற மாஜிஸ்திரேட் இருந்தார். 1907-ல் சுசீல் சென் என்ற 15 வயதுப் பையனுக்கு 15 பிரம்படி கொடுக்க உத்தரவிட்டவர் இவர். புரட்சிக்காரர்கள் அவரைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்தார்கள்.

ஹேமசந்திரர் ஒரு தடித்த சட்டப் புத்தகத்தை எடுத்தார். உள்ளே குடைந்தார். அந்தக் குழியில், ஒரு கோகோ டப்பாவில் வெடிமருந்தை அடைத்து வைத்தார். புத்தகத்தைத் திறந்தால் வெடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1908-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பார்சல் மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

எந்த உளவுக் கதைக்கும் குறையாத வேலை. ஆனால் நடந்தது என்ன? யாரோ இரவல் வாங்கிய புத்தகம் திரும்பி வந்திருக்கிறது என்று கிங்ஸ்போர்டு நினைத்தார். பிரிக்காமலே வைத்துவிட்டார்! ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து போலீசார் அதைக் கண்டுபிடிக்கும் வரை குண்டு அப்படியே கிடந்தது.

இதற்குள் கிங்ஸ்போர்டு முசாபர்பூருக்கு மாற்றலானார். 1908 ஏப்ரல் 30-ந் தேதி இரவு, குதிராம் போசும் பிரபுல்ல சாக்கியும் அவருடைய வண்டி என்று நினைத்து வேறொரு வண்டி மீது குண்டு வீசினார்கள். இறந்தவர்கள் கென்னடி என்ற வக்கீலின் மனைவியும் மகளும். சாக்கி மொகாமா ரயில் நிலையத்தில் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். ஆகஸ்ட் 11-ந் தேதி குதிராம் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 18.

கிங்ஸ்போர்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஹேமசந்திரர் அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்டு 1909-ல் அந்தமான் வந்தார்.

வைசிராயைக் கொன்ற கத்தி

இதே அந்தமானில், அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சம்பவம் நடந்தது. அதில் மாயக் கருவி எதுவும் கிடையாது.

1872 பிப்ரவரி 8-ந் தேதி. இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு, மவுண்ட் ஹாரியட் மலைமீது ஏறி சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கினார். (அந்த மலைக்கு 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்டது.) ஹோப் டவுன் படகுத் துறைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. முன்னால் தீவட்டி. சுற்றிலும் காவல்.

திடீரென்று இருளில் இருந்து ஒருவன் பாய்ந்தான். வைசிராயின் முதுகில் இரண்டு முறை கத்தி இறங்கியது. சற்று நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. இந்தியாவில் கொலையுண்ட ஒரே வைசிராய் அவர்தான்.

குத்தியவன் ஷேர் அலி. எல்லைப்புறத்துப் பட்டாணியன். கொலைக் குற்றத்துக்காகத் தீவுக்கு அனுப்பப்பட்ட கைதி. நடத்தை நன்றாக இருந்ததால் அவனைக் கட்டில்லாமல் விட்டு, மற்றக் கைதிகளுக்கு முடி வெட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். அவன் கையில் இருந்தது சாதாரணக் கத்தி. அவனை மறைத்தது இருட்டு. அதைவிட, "இவன் நல்லவன்" என்று மற்றவர்கள் வைத்த நம்பிக்கை.

மார்ச் 11-ந் தேதி வைப்பர் தீவில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

மணியாச்சியில் நடந்தது

நமது ஊர்ப்பக்கத்து நிகழ்ச்சியும் இதையே சொல்கிறது. 1911 ஜூன் 17-ந் தேதி, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் மனைவியுடன் உட்கார்ந்திருந்தார். வாஞ்சிநாதன் நேரே பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் இருந்த கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார்.

அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. பேனாவும் இல்லை, குடையும் இல்லை. வாஞ்சிநாதன் புனலூரில் காட்டிலாகாவில் குமாஸ்தா. ரயில் நிலையத்தில் நிற்கும் ஒரு குமாஸ்தாவை யார் சந்தேகிப்பார்கள்?

லண்டனில் பலித்தது

அப்படியானால் உளவாளிக் கருவி ஒருபோதும் பலிக்காதா? பலித்தது உண்டு.

1978 செப்டம்பர் 7-ந் தேதி, பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கோவ் லண்டனில் வாட்டர்லூ பாலத்தின் அருகே பஸ்சுக்குக் காத்திருந்தார். தொடையில் சுருக்கென்று குத்தியது. திரும்பினால், ஒருவன் கீழே விழுந்த குடையை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். நான்காம் நாள் மார்க்கோவ் இறந்தார். அவர் தொடையில் 2 மில்லிமீட்டர்கூட இல்லாத உலோக உருண்டை இருந்தது. ஆமணக்கு விதையிலிருந்து எடுத்த ரிசின் விஷம் அதன் மூலம் ஏறியது என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

சோவியத் ஆள் ஸ்டாஷின்ஸ்கி 1957-லும் 1959-லும் மியூனிக் நகரில் இருவரை விஷ ஆவி பீய்ச்சும் குழாயால் கொன்றார். முதல் தடவை குழாயைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்துப் போனார். அந்த ஆவி கொல்பவரையும் கொல்லக்கூடியது. எனவே அவரும் மாற்று மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. 1961-ல் அவரே சரணடைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

இவற்றின் பின்னால் ஓர் அரசாங்கமே நின்றது. ரகசிய ஆய்வுக்கூடம், பயிற்சி, பணம் எல்லாம் இருந்தன. அப்படியும் கைக்கெட்டும் தூரத்துக்குப் போனால்தான் காரியம் நடந்தது.

பணமும் ஆளும் இருந்தும் தோற்றவர்கள் உண்டு. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவுக்கு அமெரிக்க சி.ஐ.ஏ. விஷச் சுருட்டு தயாரித்தது. ஊசி மறைந்த பேனா ஒன்றையும் 1963 நவம்பர் 22-ந் தேதி பாரிசில் ஓர் ஆளிடம் கொடுத்தது. அதே நாளில்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டல்லாஸ் நகரில் சாதாரணத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார்! காஸ்ட்ரோ 2016-ல் தமது 90-வது வயதில்தான் காலமானார்.

நமக்கு என்ன?

உளவாளியும் வைசிராயும் எங்கேயோ. கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் வந்த நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இருக்கிறது.

வேடிக்கைக்காகக் குப்தி வாங்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. கைத்தடிக்குள் ஒளிந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது வாள்தான். ஆயுத விதிகளில் வாளோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. கப்பல் துறையிலும் ரயிலிலும் சோதனையில் அகப்பட்டால், "சும்மா அழகுக்கு வைத்திருந்தேன்" என்ற பதில் எடுபடாது.

இன்னொன்று அதைவிட முக்கியம். சினிமாவில் மறைந்த ஆயுதம் வில்லனைத்தான் கொல்லும். நிஜத்தில் அதற்கு ஆள் தெரியாது. கிங்ஸ்போர்டு பிரிக்காத பார்சலை, அலமாரி துடைக்கும் வேலைக்காரன் பிரித்திருந்தால்?

1985 மே மாதம் டில்லியிலும் பக்கத்து மாநிலங்களிலும் அதுதான் நடந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் குண்டு வைத்து பஸ்களிலும் பொது இடங்களிலும் போட்டுவிட்டுப் போனார்கள். யாரோ மறந்துவிட்டுப் போன ரேடியோ என்று ஆசையோடு எடுத்தவர்களும், பக்கத்தில் இருந்தவர்களும் பலியானார்கள். அவர்கள் யாருக்கும் எதிரி இல்லை. பஸ்சில் போன சாதாரண ஜனங்கள்.

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ரயில் நிலையத்தில் ஓயாமல் ஒலிபரப்புவது இதனால்தான். அப்படி ஒரு பை கண்ணில் பட்டால் தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். பெருக்க வருகிறவரையும், சுமை தூக்க வருகிறவரையும் தொடவிடாமல் தடுங்கள்.