வரைவியற் பயனர் இடைமுகம் முன்னேற்றத்தின் அடையாளமா?

மாணவர்களே, பயனர் இடைமுகங்கள் பற்றிய வினாவுக்கு, “கட்டளைவரி இடைமுகம் பழையது; வரைவியற் பயனர் இடைமுகம் முன்னேற்றமானது” எனப் பலர் ஒரே வரியில் விடையெழுதுகின்றனர். இது முழுமையான விடையன்று. பிந்தி வந்தது என்பது வேறு, மேலானது என்பது வேறு.

1. வரலாற்றுப் பின்னணி

1981 இல் வெளியான எம்.எஸ்.டொஸ் பணிசெயல் முறைமையில் கட்டளைகளை மனனஞ்செய்து தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. 1984 இல் வந்த அப்பிள் மக்கின்டொஷ் கணினியும் பின்னர் வின்டோஸும் படவுரு, பட்டி, சுட்டி என்பவற்றைப் பரவலாக்கின. 1993 இல் வெளியான மொசாயிக் உலாவி உலகளாவிய வலையையும் பொதுமக்களுக்கு எளிதாக்கியது. கட்டளை அறியாதவரும் கணினியைப் பயன்படுத்த முடிந்தது. இது முன்னேற்றமே.

2. கட்டளைவரி ஏன் மறையவில்லை?

(அ) 300 கோப்புகளின் பெயர் நீட்சிகளை மாற்ற வேண்டும் எனக் கொள்க. சுட்டியால் ஒவ்வொன்றாக மாற்றுவது நீண்ட வேலை. கட்டளைவரியில் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தி ஒரே கட்டளையால் முடிக்கலாம். அக்கட்டளையைக் கோப்பொன்றில் சேமித்து மீண்டும் இயக்கவும் முடியும். எனினும் பிழையான கட்டளையொன்று அத்தனை கோப்புகளையும் பாதிக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

(ஆ) வீட்டிலுள்ள வழிப்படுத்தியை உலாவியில் தோன்றும் பக்கம் மூலம் எளிதில் அமைக்கலாம். பல சேவையகங்களைத் தொலைவிலிருந்து நிருவகிப்பவருக்கோ கட்டளைவரியே வசதியானது. எழுத்துகள் மட்டும் கடத்தப்படுவதால் வேகங்குறைந்த இணைப்பும் போதும்.

வின்டோஸைத் தயாரித்த மைக்ரோசொப்ட் நிறுவனமே 2006 இல் பவர்ஷெல் எனும் கட்டளைவரிக் கருவியை வெளியிட்டமை இதற்குச் சான்றாகும்.

3. யாருக்கு முன்னேற்றம்?

டொஸ் திரையில் பெரும்பாலும் எழுத்துகளே இருந்தன. 1989 இல் வெளியான ஜோஸ் போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் அவற்றைக் குரலாக மாற்றின. பார்வையற்றோர் அதனைக் கேட்டே பணியாற்றினர். படவுருக்கள் வந்தபோது அம்மென்பொருள்களால் அவற்றை வாசிக்க முடியவில்லை. வின்டோஸுக்குரிய ஜோஸ் 1995 இலேயே வெளிவந்தது. பார்வையுள்ளோருக்கு எளிதான அதே மாற்றம் இவர்களுக்கு இடராயிற்று. படங்களுக்கு மாற்று எழுத்து வழங்காத வலைப்பக்கங்களில் இவ்விடர் இன்றும் உள்ளது.

விடையெழுதும்போது கவனிக்க:

பயனர் யார், பணி எது, அது எத்தனை தடவை செய்யப்படும் என்னும் மூன்றையும் குறிப்பிட்ட பின்னரே உங்கள் முடிவை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் தருக.