ஆதாரம் காட்டுதல்: மாணவர் ஆய்வுகளில் கவனம் பெறாத ஒரு கடமை

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையின் சிறப்புப் பாயிரம், அந்நூல் எவற்றை ஆதாரமாகக் கொண்டது என்பதைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அவை. முதலிரண்டும் அச்சேறி இன்றும் எமக்குக் கிடைக்கின்றன. மற்றைய இரண்டும் கிடைத்தில. அவ்வாறான இரு நூல்கள் இருந்தன என்ற செய்தியே அப்பாயிரக் குறிப்பினால்தான் பெரிதும் நிலைத்திருக்கின்றது. புலவர் எங்கே தமது மூலங்களிலிருந்து விலகுகின்றார் என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் ஒப்பிட்டு ஆராய முடிந்ததும் இதனாலேயே ஆகும்.

எமது பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள் பலவற்றில் இந்த ஒழுங்கைக் காண்பது அரிது. இறுதிப் பக்கத்தில் "உசாத்துணை நூல்கள்" என்ற தலைப்பின் கீழ் இருபது, முப்பது பெயர்கள் இருக்கும். உள்ளே எந்தக் கூற்று எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறிப்பும் இராது. ஆதாரம் காட்டுவது திருட்டுப் பழியிலிருந்து தப்புவதற்கான சடங்கு என்றே மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவது இதற்கு ஒரு காரணம் என நாம் கருதுகின்றோம். உண்மையில் அது வாசகருக்காகச் செய்யப்படுவது. எழுதியவரை நம்பாமல் தாமே மூலத்துக்குச் சென்று சரிபார்ப்பதற்கு வாசகருக்குள்ள உரிமையை அது காக்கின்றது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியின் வாசகத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்த பின்னரே அதன் தரத்தைத் தீர்மானிக்கின்றனர். தொடரில் ஒருவர் விடுபட்டாலும் அச்செய்தி பலவீனமுறுகின்றது. ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்புக்கும் இதுவே அடிப்படை.

ஆண்டைக் குறிப்பிடுவது வெறும் அலங்காரம் என எண்ணுவோர் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் ஆய்வுகளை நோக்கலாம். இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தொடக்கத்தையும் பற்றி அவர் 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2005இல், இலங்கைத் தமிழரின் இனக்குழு உருவாக்கம் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் தமது பழைய முடிவுகள் பலவற்றை அவரே மாற்றிக்கொண்டார். இந்நிலையில் "இந்திரபாலா கூறுகின்றார்" என்று மட்டும் ஒரு மாணவர் எழுதினால், எந்த இந்திரபாலா என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. ஆசிரியரே கைவிட்ட கருத்தை அவரது இறுதி முடிவாகக் காட்டுவது, எண்ணாமற் செய்யினும், அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

இதனிலும் பரவலான குறைபாடு, காணாத நூலைக் கண்டதாகக் காட்டுவதாகும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனத்தோற்றம் பற்றி எழுதிய கட்டுரை 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையினது சஞ்சிகையில் வெளிவந்தது. அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாயிற்று. ஒரு மாணவர் மறுப்பு நூலை மாத்திரம் வாசித்து, அதில் எடுத்தாளப்பட்ட இராமநாதனின் வரிகளைப் பெயர்த்தெழுதி, அடிக்குறிப்பில் 1888ஆம் ஆண்டுச் சஞ்சிகையைக் குறிப்பிட்டால் அது பிழையாகும். அப்துல் அஸீஸின் நூலில் எடுத்தாளப்பட்டவாறு என்றே அவர் எழுத வேண்டும். மறுப்பவர் தாம் மறுக்க வேண்டிய பகுதியையே எடுத்தாளுவார், அது இயல்பு. அதேபோல் இராமநாதனின் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு மறுப்பு என ஒன்று இருப்பதையே குறிப்பிடாதிருப்பதும் நேர்மையாகாது. இரு சமூகங்களின் உறவை இன்றும் தொடுகின்ற விடயத்தில் இத்தகைய கவனயீனம் பட்டப்படிப்புப் புள்ளிகளுடன் முடிந்துவிடுவதில்லை.

தமிழ் மொழிமூல மாணவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஆங்கில நூலை வாசித்துத் தமிழில் எழுதும்போது இரட்டை மேற்கோட் குறிக்குள் இடப்படுபவை உண்மையில் மாணவரின் சொற்களே. "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் ஐயம் நீங்கும். நாலைந்து சொற்களை மாற்றி எழுதிவிட்டால் ஆதாரம் தேவையில்லை என்ற எண்ணமும் தவறானது. கருத்து பிறருடையதாயின் அதற்கும் குறிப்பு வேண்டும். இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றது போன்ற, எவரும் அறிந்த செய்திக்கே அது வேண்டியதில்லை.

பெயர்களை எழுதுவதில் மேனாட்டு முறைகளை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது. எம்மவருட் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. கார்த்திகேசு சிவத்தம்பி என்பதிற் கார்த்திகேசு தந்தையாரின் பெயர், ஆகவே பட்டியலில் அவர் "சிவத்தம்பி, கா." என்றே இடம்பெற வேண்டும். அப்துல் அஸீஸ் என்பது ஒரே பெயர். அஸீஸை முன்னிறுத்தி அப்துலை முதலெழுத்தாகச் சுருக்கினாற் பொருள் சிதைந்துவிடும். ம.மு. உவைஸ், எம்.எம். உவைஸ் என இரு விதமாகவும் நூல்களில் அச்சாகியிருப்பவர் ஒருவரே என்பதை அறியாது, இருவராகப் பட்டியலிடுவதும் நேரலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றையும் பிற இடங்களிற் சிதறிக் கிடந்தவற்றையும் 2005 முதல் "நூலகம்" எண்ணிம நூலகம் இணையத்தில் ஏற்றி வருவதால், கொழும்புக்கோ சென்னைக்கோ செல்லாமலே மாணவர்கள் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் பார்க்க முடிகின்றது. ஆயினும் இணைய முகவரியை மட்டும் எழுதிவிடுதல் போதாது. ஆசிரியர், ஆண்டு, பதிப்பு, பக்கம் ஆகியவற்றை முதலில் எழுதி, பார்த்த தளத்தையும் திகதியையும் பின்னர் சேர்க்க வேண்டும். முகவரிகள் மாறக்கூடியவை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் உசாத்துணைப் பட்டியல் கேட்கும் பழக்கமும் இப்போது பரவியுள்ளது. உண்மையான ஆசிரியரின் பெயரில், எக்காலத்திலும் வெளிவராத நூலை அவை சில வேளைகளிற் படைத்துத் தருகின்றன. கையில் எடுத்துப் பார்க்காத நூல் பட்டியலில் இடம்பெறலாகாது.

நேர்காணலும் ஓர் ஆதாரமே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிடமோ, போரினால் இடம்பெயர்ந்த வன்னி மக்களிடமோ கேட்டறிந்தவை பல வேளைகளில் வேறெங்கும் எழுத்தில் இல்லை. எங்கே, எப்போது, எந்த மொழியிற் கேட்கப்பட்டது என்ற விபரம் கட்டாயம் பதிவாக வேண்டும். பெயரை வெளியிடுவதற்குச் சொன்னவரின் இணக்கம் தேவை. அவர் விரும்பாவிடின் குறியீட்டு எண்ணொன்றை இட்டு, உண்மைப் பெயரை ஆய்வேட்டிற் சேர்க்காது மேற்பார்வையாளருடன் கலந்து பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொள்வதே முறையாகும்.