அறுவடைத் தூசியும் தம்பி கொடுத்த செல்லும்

தஞ்சாவூர்ப் பக்கம் தை மாசம் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் ஊரே இருமும். அதனால் மாமா பையனுக்கு மூச்சு வாங்கியபோது யாரும் பெரிசா எடுத்துக்கலை. "தூசி ஒத்துக்கலை" என்று ஒரு இன்ஹேலரோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ரத்தப் புற்றுநோய்க்காக அவனுக்குத் தம்பியின் ஸ்டெம் செல்லை ஏற்றியிருந்தார்கள். அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, புரோகிராம் எழுதுறவன்.

சிகிச்சை நமக்குப் புதுசு இல்லை. 1983-ல் மும்பை டாடா மெமோரியலிலும் 1986-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியாச்சு. கொடுப்பவரின் செல்லோடு அவருடைய நோய் எதிர்ப்பு சக்தியும் வந்து குடியேறும். மிச்சமிருக்கும் புற்றுச் செல்லை அது அழிக்கும், அதுதான் லாபம். சிலருக்கு அதுவே புது உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தோல், வாய், கண், கல்லீரல் என்று தாக்கும். நுரையீரலில் அது பிடிப்பது மிகச் சிறிய மூச்சுக்குழாய்களை. அங்கே தழும்பு விழுந்து குழாய் குறுகும், அடைந்தும் போகும். பெயர் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ். நம்ம ஊர்க் கணக்கில், ஆற்றில் தண்ணி ஓடுது, கடைமடை வாய்க்கால் தூர்ந்துபோச்சு. இந்த வாய்க்காலைத் தூர்வார மட்டும் வழியில்லை.

ஆரம்பத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆஸ்துமா இன்ஹேலருக்கு அடைப்பு திறக்காது. காட்டிக்கொடுப்பது ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை. முதல் ஒரு வினாடியில் வெளியேறும் காற்று, அந்த வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 75 சதவீதத்துக்குக் கீழே போய், இரண்டு வருஷத்துக்குள் 10 சதவீதமாவது சரிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சரிவு தெரிய பழைய அளவு வேண்டுமே! மாற்று சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை ஊதிய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுக்கும் சி.டி.யில், சிக்கிய காற்று கருப்புத் திட்டாகத் தெரியும்.

முதலில் தொற்று இல்லையென்று உறுதி செய்வார்கள். ஈர வைக்கோலில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எமன். பிறகு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, அசித்ரோமைசின், மாண்டெலுகாஸ்ட் மூன்றும் சேர்ந்த சிகிச்சை உண்டு. போன மூச்சு திரும்புவது அபூர்வம், இருப்பதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அசித்ரோமைசின்தானே என்று மெடிக்கலில் நீங்களே வாங்காதீர்கள். நோய் வருமுன் தடுக்க அதை நீண்ட நாள் கொடுத்த ஓர் ஆய்வில் புற்றுநோய் திரும்புவது கூடியது. 2018-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது.

மாமா பையன் இப்போது மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஊதிவிட்டு வருகிறான். வைக்கோல் போர் போடும் வேலையை மாமா ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.