குவைத் முதல் சூடான் வரை: சபுராளி வீடுகள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு நம் பகுதியில் குறைவு. பாலக்கரை, தென்னூர் மட்டுமல்ல, ஸ்ரீரங்கத்திலும் துவாக்குடியிலும் அப்படித்தான். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். போன இடத்தில் சண்டை மூண்டால் என்ன செய்வது என்று மட்டும் பேசி வைப்பதில்லை.

2025 ஜூன் 23 இரவு கத்தாரின் அல் உதைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. கத்தாரும் அண்டை நாடுகளும் வான்வெளியை மூடின. சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்றிரவு தோஹாவுக்கு போன் போட்டுப் பதறிய வீடுகளில், பிள்ளையின் பாஸ்போர்ட் எண்ணைச் சட்டென்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பாஸ்போர்ட்டில் இருந்தே தொடங்குவோம். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, பல இந்தியர்களின் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. முதலாளியோ ஓடிப்போயிருந்தார். அங்கிருந்து பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மானுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தரைவழிப் பயணம். எல்லைதோறும் தாளைக் கேட்டார்கள். தாள் இல்லாதவர்கள் தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். பிறகு 59 நாட்களில் 488 விமானங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியா அழைத்து வந்தது.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முதலாளி பிடித்து வைக்க உரிமை இல்லை. வளைகுடா நாடுகள் பலவற்றின் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் நடக்கிறது. கேட்டு வாங்க முடியாதவர்கள், நகலையாவது மூன்று இடத்தில் வைத்திருக்க வேண்டும்: போனில், தன் பையில் தாளாக, திருச்சி வீட்டில் ஒரு கவரில். எண்ணும் நகலும் இருந்தால், ஊர் திரும்புவதற்கான எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் கொடுக்கத் தூதரகத்துக்கு ஆளை உறுதி செய்வது எளிது.

வீட்டுக் கவரில் வேறென்ன? விசா நகல், இக்காமா அல்லது சிவில் ஐ.டி. எண், கம்பெனி முகவரி, அறை இருக்கும் தெருவின் அடையாளம், அறைத்தோழர் இருவரின் போன் எண், ரத்த வகை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையின் மருந்துப் பெயர். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மருந்துப் பெயர் மாறாது. இந்தக் கவர் எங்கே இருக்கிறது என்பது அத்தாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, வீட்டுப் பெண்களுக்கும் தெரிய வேண்டும்.

2023 ஏப்ரல் 15-ல் சூடானில் சண்டை வெடித்தபோது கர்த்தூமில் விமான நிலையமே போர்க்களமானது. மின்சாரமும் தண்ணீரும் நின்றன. வீட்டுச் சன்னலருகே இருந்த இந்தியர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பதும் வீடியோ எடுப்பதும் கூடாது. சன்னல் இல்லாத உள்ளறையில், தரையோடு இருக்க வேண்டும். 'ஆபரேஷன் காவேரி' மீட்பு தொடங்கியது ஏப்ரல் 24-ல்தான். அந்த ஒன்பது நாளும் கையிருப்பில்தான் ஓட்டியாக வேண்டும். பிறகு பஸ்ஸில் போர்ட் சூடான் வரை சுமார் 850 கிலோமீட்டர், அங்கிருந்து கப்பலில் ஜித்தா. ஆகவே குடிநீர், பேரீச்சம்பழம், ரொட்டி, ஒரு மாத மாத்திரை, டார்ச், பவர் பேங்க். ஏ.டி.எம். வேலை செய்யாது என்பதால் ரொக்கமும் வேண்டும். உள்ளூர் நோட்டோடு கொஞ்சம் டாலரும் நல்லது. குவைத் தினாரை ஈராக் செல்லாததாக்கியதை அன்று அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாமா, மச்சான், ராத்தா என்று ஆளுக்கு ஒருமுறை அழைத்தால் அங்கே பேட்டரி தீர்ந்துவிடும். ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்களுக்கு அவரே சொல்லட்டும். அழைப்பு போகாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர்வதுண்டு. யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நம்பி, "உடனே கிளம்பு" என்று பிள்ளையை ரோட்டில் இறக்கிவிடாதீர்கள்.

தூதரகப் பதிவு முக்கியம். அரபாபை விட்டு வெளியே வேலை செய்யும் 'கல்லிவல்லி' ஆட்கள், பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து பதிவதில்லை. தூதரகம் அந்த நாட்டுப் போலீஸ் அல்ல. இங்கிருந்து உதவி கேட்க, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலப் பிரிவின் கட்டணமில்லா எண் 1800 309 3793.

எப்போது கிளம்புவது என்பதுதான் கடினமான கேள்வி. யேமனில் 2015 மார்ச் 26-ல் வான்தாக்குதல் தொடங்கும் முன்பே வெளியேறச் சொல்லி இந்தியா எச்சரித்தது. சம்பளப் பாக்கிக்காகப் பலர் தங்கிவிட்டார்கள். கடன் வாங்கிப் போனவரிடம் பாக்கியை விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிதல்ல. ஆனால் கணக்கை எழுதி, ஒப்பந்த நகலோடு தூதரகத்தில் மனுவாகக் கொடுத்துவிட்டு, விமானம் ஓடும்போதே வருவதற்கு வழி இருக்கிறது. துறைமுகத்தில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.

தாள்களை ஊர் வந்த பிறகும் தூக்கி எறியாதீர்கள். குவைத் போருக்குப் பின் 1991-ல் ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம், வெளியேற நேர்ந்ததற்காக மட்டுமே தனிநபருக்கு 4,000 டாலர் வரையும் குடும்பத்துக்கு 8,000 டாலர் வரையும் வழங்கியது. அதற்கு விண்ணப்பித்தவர்கள் காட்ட வேண்டியிருந்தது, அங்கே இருந்ததற்கும் எந்தத் தேதியில் கிளம்பினார்கள் என்பதற்குமான அத்தாட்சி.