பொரிக்கும் பெட்டியும் பொறுக்காத கையும்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்து கூடுகிற ஜனத்திரளில், எலுமிச்சம்பழ மாலைக்கும் வேப்பிலைக்கும் இடையே, கால்கள் கட்டப்பட்டு யாரோ ஒருவருடைய கக்கத்தில் இடுங்கிக் கிடக்கும் நேர்த்திக்கடன் சேவல் ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. அம்மனுக்கு நேர்ந்துவிடுவதற்கும், வீட்டில் குழம்பு வைப்பதற்கும், வந்த சம்பந்திக்கு மரியாதை செய்வதற்கும் இந்தப் பக்கத்து மக்கள் தேடுவது நாட்டுக்கோழியைத்தானே ஒழிய, பண்ணையிலிருந்து வண்டியில் வந்திறங்கும் வெள்ளைக் கோழியை அல்ல. கிராக்கி இவ்வளவு இருந்தும், செஞ்சிச் சீமையின் வீட்டுத் தாழ்வாரங்களில் வளரும் சிறுவிடைக் கோழி, தன் வம்சத்தைப் பெருக்கும் காரியத்தில் மனிதனுடைய அவசரத்தைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை. 10 முதல் 15 முட்டை வரை இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்து, அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும். அவற்றைக் கொத்தி விரட்டிய பிறகே மறுபடி முட்டைக்கு வரும். ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை இப்படி நடந்தால் அது நல்ல கோழி என்று பெயர் வாங்கிவிடும்.

அடை வைப்பது கிராமத்தில் ஒரு சிறு சடங்கு. பழைய கூடையிலோ வாயகன்ற மண்சட்டியிலோ மணலையும் வைக்கோலையும் பரப்பி, ஒற்றைப்படையாக முட்டைகளை எண்ணி அடுக்கி, இடி இடித்தால் கரு கலங்கிவிடாதிருக்க ஒரு கரித்துண்டையும் இரும்புத் துண்டையும் காய்ந்த மிளகாயையும் ஓரத்தில் செருகி, அந்தி சாய்ந்த பிறகு கோழியை ஏற்றி வைப்பார்கள். குஞ்சு வேண்டாம், முட்டையே போதும் என்று நினைத்தாலோ, அதே கோழியைத் தண்ணீரில் முக்கியெடுத்தும், அதன் இறகையே அதன் மூக்குத் துவாரத்தில் செருகிவிட்டும் அடையைத் தெளிவிப்பார்கள். குஞ்சும் வேண்டும், கோழி சீக்கிரமே மறுபடி முட்டையிடவும் வேண்டும் என்ற இரட்டை ஆசைக்கு விடையாகத்தான் இன்குபேட்டர் என்கிற பெட்டி இந்த வீடுகளுக்குள் வந்தது.

இயந்திர அடை நேற்று முளைத்த விஷயமன்று. எகிப்து தேசத்தார் மண் செங்கல்லால் கட்டிய அறைகளில் சாணத்தையும் வைக்கோலையும் எரித்து ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். உஷ்ணமானி இல்லாத அக்காலத்தில் முட்டையைக் கண்ணிமையின் மேல் ஒற்றிப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். நைல் நதி முகத்துவாரத்தைச் சேர்ந்த பெர்மா என்ற ஊரார் இந்த வித்தையைப் பிறர் அறியாமல் பரம்பரையாகக் காத்துவந்தார்கள். அதைப் பாரிஸில் செய்து பார்க்க முனைந்த ரெயோமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1749-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1879-இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் என்பவர் வியாபாரத்துக்கு ஏற்ற பெட்டியை அமைத்தார். இன்று அந்த வித்தை முழுவதும் ஒரு தெர்மாக்கோல் பெட்டிக்குள் அடங்கிவிட்டது: ஒரு குண்டு பல்பு, ஒரு சின்ன விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைக்கும் தெர்மோஸ்டாட், அடியில் ஒரு தண்ணீர்க் கிண்ணம்.

விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் ஸ்திரமாக நிற்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில், முட்டையின் தலைமட்டத்தில் அளந்தால், இன்னும் ஒரு டிகிரி கூடுதலாக இருக்கலாம். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை முட்டையைப் புரட்ட வேண்டும். இல்லையேல் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். மின்சாரம் போய்விட்டால் பதறுகிறவர்கள், முட்டை கொஞ்ச நேரம் ஆறுவதைக் காட்டிலும் 40 டிகிரிக்கு மேல் சூடேறுவதுதான் பெரிய அபாயம் என்பதை நினைவில் வைத்தால், பெட்டியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

உண்மையான தொல்லை பெட்டிக்குள் தொடங்குவதன்று. அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவின் வளர்ச்சி அடங்கிக் கிடப்பதற்கு முட்டை ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். செஞ்சிக் குன்றுகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அதை உமிழ்கிற இந்தப் பாறைச் சீமையில், சித்திரை வைகாசியில் அடுக்களை மூலையில் சேர்த்துவைத்த முட்டைக்கு அந்தக் குளிர்ச்சி எங்கே கிடைக்கும்? அடையுமில்லாமல் உறக்கமுமில்லாமல், கரு அரைகுறையாக வளர்ந்து மடிந்துபோகிறது. இடியால் கூமுட்டை ஆனதாகப் பழி சுமத்தப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வெயிலால் கெட்டவை என்பது என் அபிப்பிராயம். கரித்துண்டும் இரும்பும் என்ன செய்யும், பாவம்! ஈரமணல் நிரப்பிய சட்டியின் மேல் மண்பானையை வைத்து, அதில் கூர்முனை கீழிருக்க முட்டைகளை அடுக்கி, ஒரு வாரத்துக்கு மேற்படாமல் அடைக்கு வைத்துவிடுவதே இதற்குப் பரிகாரம்.

அடுத்தது ஈரப்பதம். முட்டையோட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நாள்தோறும் சிறிது நீர் ஆவியாகி வெளியேற, மழுங்கிய முனையில் காற்றறை விரிந்துகொண்டே வரும். முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தை இழக்க வேண்டும் என்பது கணக்கு. 40 கிராம் நாட்டுமுட்டை 35 கிராமுக்குச் சற்று மேலாக நிற்க வேண்டும். ஈரமானி சொல்லும் எண்ணைவிட, நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசில் அதே நாலு முட்டைகளை வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது என்பேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கிண்ணத்தில் தண்ணீரே வேண்டியிராது. கத்திரி வெயிலில் ஒரு கிண்ணம் போதாது. வருஷம் முழுவதும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறவர்தாம், கடைசி நாளில் குஞ்சு வெளிவரவில்லையே என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கின் வாயில் முட்டையை நிறுத்திப் பார்த்தால், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நாற்புறமும் ஓடும் செந்நரம்புகளும் தெரியும். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கருவில்லை. நரம்பின்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு இறந்துவிட்டது. பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 65 சதவீதத்துக்கு உயர்த்தி, மூடியைச் சாத்திவிட வேண்டும். சாத்துவது எளிது, சாத்தியே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஏனெனில் அதன்பிறகு நடப்பது மிகவும் சூட்சுமமான காரியம். பத்தொன்பது, இருபதாம் நாள்வாக்கில் குஞ்சு தன் அலகால் காற்றறையின் சவ்வைக் கிழித்து, முதன்முதலாக நுரையீரலால் சுவாசிக்கிறது. அதுவரை அதற்குச் சுவாசம் அளித்துவந்தவை ஓட்டின் உட்புறச் சவ்வில் படர்ந்திருக்கும் ரத்தக் குழாய்களே. அந்த அறையில் உள்ள காற்று போதாமல் கரியமிலவாயு மிகும்போது, பிடரித் தசை துடித்து, அலகின் நுனியில் உள்ள சிறு கூர்ப்பல் ஓட்டில் முட்ட, நட்சத்திரம் போல் ஒரு விரிசல் விழுகிறது. உள்ளேயிருந்து கீச்சென்ற குரல் கேட்கும். பக்கத்து முட்டைகளும் அதைக் கேட்கின்றன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடை முட்டைகள், ஒன்றின் 'டிக் டிக்' ஓசையால் மற்றொன்று விரைவுபட்டு ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் 1960-களில் ஆராய்ந்து காட்டினார்.

விரிசல் விழுந்த பிறகு குஞ்சு ஓய்ந்துவிடுகிறது. 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம்கூட ஒன்றுமே நடவாதது போலத் தோன்றும். எத்தனையோ வீடுகளில் இரவு முழுதும் தர்க்கம் நடப்பது இப்போதுதான். "ஆயா, அதுக்கு மூச்சு முட்டப் போவுது, கொஞ்சம் பிச்சு வுடட்டுமா?" என்று பேத்தி கேட்பாள், "தொடாதடி, அதும் வேளைக்கு அதுவே கொத்திக்கினு வரும்" என்பாள் கிழவி. கிழவி சொல்வதில் சாஸ்திரம் இருக்கிறது. அந்த ஓய்வில்தான் சவ்வின் நரம்புகளில் உள்ள ரத்தம் உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. எஞ்சிய மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் அடங்குகிறது. அதுவே இரண்டு மூன்று நாளைக்கு ஆகாரம். இவை முடியுமுன் ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் பெருகும், அல்லது மூடாத தொப்புளோடு குஞ்சு வந்து விழும். அன்றியும் ஒன்றுக்கு உதவ மூடியைத் திறக்கும்போது ஈரம் தப்பிவிட, விரிசல் விட்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் சவ்வு காய்ந்து இறுகுகிறது. நமது இரக்கத்துக்கு விலை கொடுப்பவை அவை.

ஆயினும் கிழவியின் வாக்கு எப்போதும் செல்லும் என்பதில்லை. தாய்க்கோழியின் அடிவயிற்று ஈரத்தில் பொரிக்கும் முட்டைக்கு அவள் சொன்னது பொருந்தும். நாம் செய்த தவற்றால் காய்ந்துபோன பெட்டி முட்டைக்குப் பொருந்தாது. விரிசல் விழுந்து ஒரு முழு நாள் கடந்தும் அது பெரிதாகவில்லை, தெரிகிற சவ்வு வெண்மை போய்ப் பழுப்பேறித் தோல் போல் இறுகிவிட்டது, குரலும் தேய்கிறது என்றால், அங்கே கைகொடுப்பது கடமை. கூர்முனையில் விரிசல் விழுந்திருந்தால், அங்கே காற்றறை கிடையாதாகையால், மூச்சுவிட ஒரு சிறு துவாரமாவது செய்து தர வேண்டும்.

கைராசியுள்ள மருத்துவச்சி போல, குறைவாகச் செய்கிறவரே இதில் நிறைவாகச் செய்கிறவர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திக்கொள்ளுங்கள். மழுங்கிய முனையில், காற்றறைக்கு மேலுள்ள ஓட்டை மட்டும் மிளகளவு மிளகளவாகச் சின்னக் கிடுக்கியால் எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் சவ்வை ஒற்றினால் அது கண்ணாடி போல் தெளியும். அப்போது நரம்புகள் தெரியும். சிவந்த நரம்பு கண்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு துளி ரத்தம் கசிந்தாலும் அதே விதிதான். நரம்பு வற்றியிருந்தால் சவ்வை அலகிலிருந்து மெல்ல விலக்கி, தலையை மட்டும் விடுவித்து, கீழ்ப்பாதி ஓட்டோடு விட்டுவிடுங்கள். அதை உதைத்துக்கொண்டு வெளிவருவது குஞ்சின் வேலை. தொப்புளில் பஞ்சால் போவிடோன் அயோடினைத் தொட்டு வைப்பது நல்லது. இவ்வளவு செய்தும் சில குஞ்சுகள் கோணிய காலோடு வரும், சில மறுநாள் கண்ணை மூடும். உதவியால் பிழைத்ததை விற்கலாம், வளர்க்கலாம். ஆனால் இனத்துக்குரிய சேவலாகவோ பெட்டையாகவோ அதை நிறுத்த நான் சம்மதியேன். பொரியாத முட்டைகளை எறியுமுன் உடைத்துப் பார்ப்பதும் அவசியம்: சளசளவென்ற நீரில் மூழ்கியிருந்தால் ஈரம் அதிகம், சவ்வு உடம்போடு ஒட்டியிருந்தால் ஈரம் குறைவு.

பஞ்சாய் உலர்ந்த குஞ்சுகளை வளர்க்கும் பொறுப்பை மறுபடி கோழியிடமே ஒப்படைக்கும் சாமர்த்தியமும் உண்டு. பெட்டிக்கு முட்டை வைத்த அன்றே ஒரு சிறுவிடைக்கும் நாலைந்து முட்டைகளை அடைவைத்து, அது பொரித்த இரவில் பெட்டிக் குஞ்சுகளையும் இருட்டிலேயே அதன் இறக்கைக்கு அடியில் செருகிவிட்டால், விடிந்ததும் பெரும்பாலும் பேதம் பாராட்டாமல் எல்லாவற்றையும் சேர்த்து மேய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். பல்பும் வேண்டாம், பருந்துக்குக் காவலும் வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு மட்டும் கோழியும் காவலல்ல. முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட்டாக வேண்டும். 1932-இல் ராணிப்பேட்டையில் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிற மருந்துகளுள் இந்நோய்க்கானதும் ஒன்று. ஆனால் இம்மருந்துப் புட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கென அடைத்து வருவது. கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்துக்கு மேல் வீரியம் நில்லாது. ஆகவே பெட்டி வைத்திருக்கும் நாலைந்து வீட்டார் கலந்து பேசி ஒரே வாரத்தில் முட்டை வைப்பது உசிதம். ஐஸ் போட்ட பிளாஸ்கில் ஒரு புட்டி வந்தால் தெரு முழுவதும் அன்று காலையிலேயே முடிந்துவிடும்.