எடைக் குறைப்பில் கலோரிக் கணக்கும் உணவின் தரமும்

எடைக் குறைப்பில் கலோரிக் கணக்கு என்பது, நாள்தோறும் உண்ணும் உணவின் ஆற்றலை எண்ணால் அளந்து, உடல் செலவிடும் ஆற்றலைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளும் முறையாகும். உணவின் தரம் என்பது, அந்த ஆற்றல் எந்த உணவிலிருந்து வருகிறது, அதனுடன் புரதமும் நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் எவ்வளவு வருகின்றன, அந்த உணவு எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பனவற்றைக் குறிக்கும். கணக்குச் சரியாக இருந்தால் எதை உண்டாலும் எடை குறையுமா என்பது நெடுநாளாகக் கேட்கப்படும் கேள்வி. எடை ஏறுவதும் இறங்குவதும் ஆற்றல் கணக்கின்படியே நடக்கிறது. ஆனால் ஒருவர் எவ்வளவு உண்ட பின் போதும் என்று எழுந்திருப்பார் என்பதில் உணவின் தரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கலோரி என்னும் அளவு

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியசு பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே உணவுக் கலோரி. இயற்பியல் பாடத்தில் வரும் கலோரி இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிடுகிறார்கள். இக்கட்டுரையில் கலோரி என்பது கிலோகலோரியையே குறிக்கிறது.

உணவுக்கு இந்தக் கணக்கை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் (1844–1907). ஓர் ஆள் நாட்கணக்கில் தங்கக்கூடிய மூடிய அறை ஒன்றை அமைத்து, அவர் உண்பது, கழிப்பது, வெளிவிடும் வெப்பம் ஆகியவற்றை அளந்தார். ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று இன்றும் பயன்படும் எண்கள் அவர் வழியில் வந்தவை. இவை சராசரி எண்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதாம் பருப்பை எடுத்துக்கொண்டால், 28 கிராமில் ஏறத்தாழ 170 கலோரி இருப்பதாகக் கணக்கு சொல்லும். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012இல் மனிதர்களுக்குக் கொடுத்து அளந்தபோது, உடலுக்குச் சேர்ந்தது 129 கலோரிதான். மென்றும் உடையாத செல்சுவர்களுக்குள் இருந்த கொழுப்பு செரிக்காமலேயே வெளியேறிவிட்டது.

இனிப்புத் தின்று எடை குறைந்த பேராசிரியர்

2010இல் கான்சாசு மாநிலப் பல்கலைக்கழக ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஆப் தன்மீதே ஒரு சோதனை நடத்தினார். பத்து வாரங்கள், ட்விங்கி என்ற கிரீம் கேக், இனிப்புப் பிசுகட்டு, பொரித்த நொறுக்குத்தீனி போன்றவையே அவருடைய பெரும்பகுதி உணவு. நாளுக்கு 1800 கலோரியைத் தாண்டவில்லை. முடிவில் ஏறத்தாழ 12 கிலோ குறைந்தார். இரத்தக் கொழுப்பு அளவுகளும் மேம்பட்டன.

எதை உண்டாலும் கணக்குதான் முக்கியம் என்போர் இதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். கணக்கு வேலை செய்யும் என்பதற்கு இது சான்றுதான். ஆனால் அவர் புரதப் பானமும் உயிர்ச்சத்து மாத்திரையும் கொஞ்சம் காய்கறியும் சேர்த்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சோதிக்கப்பட்டவர் ஒரே ஆள். அவரே ஊட்டச்சத்து கற்பிப்பவர். ஒவ்வொரு கவளத்தையும் எண்ணியவர். இந்த உணவை மற்றவர்களுக்கு அவர் பரிந்துரைக்கவும் இல்லை.

எண்ணாமல் உண்ணவிட்ட சோதனை

இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது, அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தில் கெவின் ஆல் குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு. இருபது பேர் நான்கு வாரங்கள் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. எது முதலில் என்பது குலுக்கல்முறையில் முடிவு செய்யப்பட்டது. இரண்டு வகையிலும் தட்டில் வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டனர். பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து போதாததால் அதைப் பானத்தில் கலந்து கொடுக்க வேண்டியிருந்தது. வேண்டிய மட்டும் உண்ணலாம், வேண்டாததை மிச்சம் வைக்கலாம் என்பது மட்டுமே விதி.

மிகுதியாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ இறங்கினார்கள். எவரும் அவர்களைக் கூட்டி உண்ணவோ குறைத்து உண்ணவோ சொல்லவில்லை. ஆக, கலோரிக் கணக்கு பொய்த்துவிடவில்லை. கூடுதலாக உண்ட கலோரியே எடையை ஏற்றியது. கூடுதலாக உண்ண வைத்தது உணவின் தன்மை. ஆல் குழுவின் சோதனை குறுகிய காலத்தது, ஆட்களும் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி விலை. நாளுக்கு 2000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்குப் பதப்படுத்திய உணவுப் பொருள்களுக்கு 106 டாலரும், பதப்படுத்தாதவற்றுக்கு 151 டாலரும் ஆயின. நல்ல உணவு உண்ணுங்கள் என்று அறிவுரை சொல்வோர் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

காரணங்கள்

முதற்காரணம் வேகம். மென்மையான, மெல்ல வேண்டாத உணவை அவர்கள் விரைவாக உண்டார்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சேரச் சிறிது நேரம் ஆகிறது. அதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

இரண்டாவது, ஒரே கலோரிக்குக் கிடைக்கும் உணவின் பருமன். சாதாரண இனிப்புப் பிசுகட்டு 65 கிராம் உண்டால் ஏறத்தாழ 300 கலோரி. கைக்குள் அடங்கும் சிறு பொட்டலம்தான், தேநீரோடு தின்றதே தெரியாது. அதே 300 கலோரிக்கு அவித்த கொண்டைக்கடலை ஏறத்தாழ 180 கிராம், அதாவது ஒரு கிண்ணம் நிறையக் கிடைக்கும். பிசுகட்டில் புரதம் 4 அல்லது 5 கிராம். கடலையில் 16 கிராம் அளவில். தாளிக்க எண்ணெய் ஊற்றினால் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி கூடும் என்பது வேறு கணக்கு.

புரதத்துக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் உண்டு. அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு அதைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே செலவாகிறது. மாவுச்சத்தில் 5 முதல் 10 விழுக்காடும் கொழுப்பில் அதைவிடக் குறைவும் செலவாகும். எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் கரையும். போதிய புரதமும் உடற்பயிற்சியும் இருந்தால் தசை இழப்பு குறையும். எடைப் பொறியில் தெரியும் எண் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

கணக்கு தவறும் இடங்கள்

எண்ணுவது எளிதான வேலையும் இல்லை. எவ்வளவு குறைத்து உண்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை நியூயார்க் ஆய்வாளர்கள் சோதித்து 1992இல் வெளியிட்டனர். அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. இதை ஏமாற்று என்று கருதக் கூடாது. சமைக்கும்போது சுவை பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை உண்டது, இரண்டாவது குவளைத் தேநீரின் சர்க்கரை ஆகியவை யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

எண்ணாமலேயே எடை குறைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிசுடோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரைக் குறைகொழுப்பு, குறைமாவு என்று இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தனர் (2018). கலோரி வரம்பு எதுவும் விதிக்கவில்லை. சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்த்து, காய்கறியை மிகுத்து, வீட்டில் சமைத்து உண்ணுமாறு இரு பிரிவுக்கும் சொன்னார்கள். முதல் பிரிவு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் பிரிவு 6.0 கிலோவும் குறைந்தன. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் இரு பிரிவிலும் எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

தரமான உணவுக்குக் கணக்கு வேண்டாமா

நல்ல உணவு எவ்வளவு உண்டாலும் ஏறாது என்ற எண்ணம் இதற்கு நேர்மாறான பிழை. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் வெல்லத்தின் வடிவில் வருகிறது. 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறத்தாழ 390 கலோரி என்றால், வெல்லத்திலும் 380 அளவில் உண்டு. காபியில் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடுவதால் எடை குறையப் போவதில்லை. வேர்க்கடலை தரமான உணவே. ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. சிறுதானியத்தில் செய்தாலும் முறுக்கு எண்ணெயில்தான் வேகிறது.

ஆகவே உணவின் வகையை முதலில் மாற்றிவிட்டு, எண்ணெய், கொட்டைப் பருப்பு, இனிப்பு, சோறு என அளவு மீறக்கூடிய சிலவற்றை மட்டும் அளந்து பழகுவது பெரும்பாலானோருக்கு நடைமுறையில் எளிது. இரண்டு வாரம் எல்லாவற்றையும் எழுதிவைத்துப் பார்த்தால் எது மீறுகிறது என்பது தெரிந்துவிடும்; ஆயுள் முழுதும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எச்சரிக்கை

இன்சுலினோ, சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவையும் உடன் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தாமாகக் கலோரியைக் குறைக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்குக் கலோரி எண்ணப் பழக்குவது உணவின்மீது அச்சத்தை உண்டாக்கலாம். அவர்கள் வீட்டில் வாங்கிவைக்கும் தின்பண்டத்தை மாற்றுவதே போதுமானது. முதியோர் எடை குறைக்கும்போது தசை இழப்பே பெரிய கேடு என்பதால், அவர்களின் தட்டில் முதலில் குறையக் கூடாதவை பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவை.